கேட்டவர் பேசும் நாள்

அத்தியாயம் பதினொன்று

சின்னவள் செய்து வைத்திருக்கும் காரியம் இதுவரை உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நடுவில் ஒரு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகவும், இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நூலகத்தில், கோடை விடுமுறைக்கு, பத்தாவது பதினொன்றாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புத் திட்டம். செங்கல் கனத்தில் இருக்கும் ஒரு பழைய நாவலை விடுமுறை முடிவதற்குள் முழுதாகப் படிக்க வேண்டும். சுருக்கப் பதிப்பு கூடாது, செல்போனில் கதைச்சுருக்கம் தேடக் கூடாது. இதோடு நூலகர் மேடம் இன்னொரு விதியும் போட்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பெரியவர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, அந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி நாள் மேடையேறிப் பேசப்போவது படித்த பிள்ளை இல்லை, கேட்ட ஆள்.

"நீங்க எப்படிப் படிச்சீங்கன்னு அவங்க பேசும்போது எனக்குத் தெரிஞ்சுடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மேடம்.

சின்னவளுக்குக் கேட்பவராக அமைந்தவர் அவள் அப்பா. ஊருக்கு அவர் சோபாக்காரர். வீட்டின் கீழ்த்தளத்தில் கடை. பழைய சோபாவின் தோலை உரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது ஸ்பாஞ்ச் வைத்து, துணி போர்த்தி அனுப்புவார். கை ஓயாது, காது சும்மாதான் இருக்கும். அதனால்தான் அவரைப் பிடித்தாள்.

நாவலில் ஒரு விளக்கு வியாபாரி. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அவர் பேச்சை மீறி அக்கரை நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். 'இனி இந்தக் கதவு உனக்குத் திறக்காது' என்கிறார் அவர். அந்த வரியைச் சின்னவள் வாசித்தபோது அப்பாவின் ஸ்டேப்பிள் கன் நின்றுபோனது. ஏனென்றால் இந்த வீட்டிலும் ஒரு பெரியவள் இருந்தாள். கடையில் அப்பாவுக்கு வலது கையாக இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டினாள். "போறதா இருந்தா அப்படியே போயிடு" என்றார் அப்பா. போனவள் போனவள்தான். அம்மாவிடம் மட்டும் பேசுவாள், அதுவும் அம்மா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போன் செய்து.

புத்தகத்தில் விளக்கு வியாபாரி மகளைக் கடைசிவரை கூப்பிடவில்லை. அவர் செத்த பிறகு அவள் வந்து பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறாள். அதை அப்பா முகத்துக்கு நேரே வாசிக்கச் சின்னவளுக்கு வாய் வரவில்லை. கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றை வாசித்தாள். விளக்கு வியாபாரி படகேறிப் போனார், மகளைக் கூப்பிட்டார், அவளும் வந்துவிட்டாள்!

அதோடு விட்டதா? அவர் செத்த பிறகும் புத்தகம் கால்வாசி பாக்கி. செத்த மனிதரை அத்தனை பக்கமும் உயிரோடு நடமாடவிட்டு, வழக்கில் சாட்சி சொல்லவைத்து, இளைய மகளோடு சண்டை போடவைத்து, நடுநடுவே இருமவும் வைத்துச் சமாளித்தாள் பிள்ளை. எழுதிப் பிழைக்கும் எனக்கே அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

போகட்டும். இன்றைக்கு அந்தக் கடைசி நாள்.

*

சின்னவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்பா கடையை விட்டு நகர மாட்டார். அவருக்குப் பதிலாக அம்மா வருவாள். 'என் பொண்ணு நல்லா வாசிச்சா' என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். விஷயம் அதோடு முடிந்துபோகும்.

காலையில் பல் விளக்கிக்கொண்டே ஜன்னலில் எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஓர் அட்டை தொங்கியது: 'இன்று விடுமுறை'.

திரும்பினால் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு. முடியைப் படிய வாரியிருந்தார். அவர் கையில் எப்போதும் இருக்கும் பசை நாற்றத்துக்குப் பதிலாக இன்று சோப்பு வாசனை.

"என்னப்பா, கடை?"

"கடை எங்க ஓடிப்போகப் போகுது?"

"அம்மாதானே வர்றதா இருந்துச்சு?"

"அம்மா என்ன கேட்டா? கேட்டது நான். பேச வேண்டியவனும் நான்தான்" என்று கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

அதே நேரம் நடையிலிருந்து அம்மாவின் குரல்.

"ஏங்க, இந்த ஸ்பாஞ்ச் சுருளையெல்லாம் எதுக்கு இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க? ஒருக்களிச்சுத்தான் குளியலறைக்குப் போக வேண்டியிருக்கு."

பெரியவள் போனதிலிருந்து அந்தச் சுருள்களெல்லாம் அவள் அறையில்தான் அடைந்து கிடந்தன. விடியுமுன்பே எழுந்து அத்தனையையும் வெளியே எடுத்திருக்கிறார் மனிதர்.

"காத்தாடட்டும்னுதான்" என்றார் அப்பா. கண்ணாடி முன் போய் நின்றுகொண்டார்.

சின்னவள் சமையலறைக்குள் ஓடினாள். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன, எந்தப் பாடத்துல?"

"லீவுல ஏதும்மா பாடம்? இது வேற."

சொன்னாள். முதலில் அம்மா சிரித்துவிட்டாள். செத்தவர் கோர்ட்டில் சாட்சி சொன்ன இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. கதையில் யார் யாரைக் கூப்பிட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடியே, ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பார்க்கிறாருடி. அத்தனையும் நீயா கட்டினதா?"

"கடைசிப் பகுதி மட்டும்தான்மா."

"அதைத்தான் அவர் பேசிப் பார்க்கிறாரு." அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அங்க எல்லாரும் அதே புத்தகத்தைத்தானே படிச்சிருப்பாங்க? இவர் போய் இல்லாததைச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க."

"அப்போ போற வழியிலேயே சொல்லிடு. உனக்கு அந்தப் பதவி கிடைக்குதோ இல்லையோ, அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்கக் கூடாது."

பதவி என்று அம்மா சொன்னது, திட்டத்தின் முடிவில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் முன்வாசகர் பொறுப்பு. அடுத்த கோடையில் புதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது அவர்தான். நூலகத்தின் பழைய புத்தக அறைச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். அந்த அறைக்குள் போய் ஒரு நாள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும் என்பது சின்னவளின் வெகுநாள் ஆசை. இந்தக் கோடை முழுவதும் அவள் தூங்கி எழுந்ததே அந்தச் சாவி நினைப்போடுதான்.

*

வீட்டிலிருந்து நூலகம் கூப்பிடு தூரம்தான். ஆனால் சோபாக்காரரோடு நடந்தால் கூப்பிடு தூரமும் ஊர்வலம்தான்.

டயர் கடைக்காரர் கேட்டார், "என்ன, கடையைச் சாத்திட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"நூலகத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. என் பொண்ணு இவ்வளவு மொத்தப் புத்தகத்தைப் படிச்சிருக்கா" என்று விரல்களை அகட்டிக் காட்டினார் அப்பா. புத்தகம் நிஜத்தில் அதில் பாதிதான்.

முடிதிருத்தும் கடை வாசலில் விரல்கள் இன்னும் கொஞ்சம் அகன்றன. துணிக்கடைக்காரரிடம் இரண்டு கையையும் பயன்படுத்தினார். பின்னால் வந்த அம்மா சின்னவளின் முழங்கையில் இடித்தாள்.

"அப்பா, அந்தக் கடைசிப் பகுதி இருக்கில்ல…"

"சொல்லாதே, சொல்லாதே. எனக்கு வரிசையா மனசுல இருக்கு. நீ குறுக்கே வந்து கலைச்சுடாதே."

"இல்லப்பா, அதுல ஒரு விஷயம்…"

அப்பா நின்றார். அவள் தோளில் கைவைத்தார்.

"சின்னு, நான் பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சது. ஒரு கதையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நான் கேட்டது இது ஒண்ணுதான். வேற யாராவது வாசிச்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். நீ வாசிச்சதாலதான் கேட்டேன்."

இப்படி ஒரு பேச்சைப் பேசிவிட்டு ஒரு மனிதர் முகம் மலர்ந்து நின்றால், அவரிடம் போய் எதைச் சொல்வது? சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். அவளைக் கோழை என்று திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். நான் திட்ட மாட்டேன்.

*

நூலகத்தின் மாடி அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்காருமுன் அப்பா ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "ஸ்பாஞ்ச் எப்பவோ செத்துப்போச்சு" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் பல் டாக்டர் பேசினார். அவர் மகள்தான் சின்னவளுக்குப் போட்டி. டாக்டர் கதாபாத்திரங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவரைப் போலப் பேசினார். இவருக்கு இந்தக் குறை, அதற்கு இது காரணம். சுத்தமான பேச்சு. கேட்டவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். அடுத்து வந்த பஸ் கண்டக்டர் அம்மாள், கதையின் வில்லனைத் தவிர யாரைப் பற்றியும் பேசவில்லை. "எங்கிட்ட மட்டும் அவன் மாட்டியிருக்கணும்" என்று முடித்தார். அதற்கு விசில் பறந்தது.

அப்புறம் மேடம் சோபாக்காரரைக் கூப்பிட்டார்.

அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விளக்கு வியாபாரியை எனக்கு முதல்ல பிடிக்கலை. கடுகடுன்னு இருந்தாரு. அப்புறம் ஒரு இடத்துல, விலைக்குக் கொடுக்கிற விளக்கைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி தானே ஒரு தடவை ஏத்திப் பார்க்கிறாரு. அங்கதான் எனக்கு ஆளு பிடிபட்டாரு. நானும் சோபாவை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து பார்ப்பேன்."

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு. மேடம் தலையாட்டினார். அம்மாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. சின்னவள் மட்டும் நாற்காலிக்குள் புதைந்துகொண்டிருந்தாள். இங்கேயே நிறுத்துங்கப்பா, இதோடு இறங்கிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அவர் நிறுத்தவில்லை.

"பொண்ணு அக்கரைக்குப் போயிட்டா. இவரு கதவைச் சாத்திட்டாரு. அது தப்பு. ஆனா பாருங்க, அந்த மனுஷன் வீராப்பை விட்டாரு. படகேறிப் போனாரு. 'வீட்டுக்கு வா'ன்னு கூப்பிட்டாரு. அவளும் வந்துட்டா. இந்தக் கதையில எனக்கு உசந்த இடம் அதுதான்."

அறையில் சலசலப்பு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

பல் டாக்டரின் மகள் கையைத் தூக்கினாள். கெட்ட பெண் இல்லை, தெரிந்த விடையை அடக்கிவைக்கத் தெரியாதவள்.

"அங்கிள், அவரு கூப்பிடவே இல்லையே? செத்துல்ல போயிடறாரு?"

"அது வேற யாராவதா இருக்கும்மா" என்றார் அப்பா தன்மையாக. "பழைய புத்தகம்தானே? ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். மெதுவா பிரிச்சுப் பாரு."

பின்வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அது தொற்றியது. "எங்க வீட்டுலயும் செத்துட்டாரே!" என்றார் கண்டக்டர் அம்மாள். இன்னும் சிரிப்பு. அப்பாவின் காது சிவந்தது. ஆனாலும் மைக்கை விடவில்லை.

"என் பொண்ணு அப்படித்தான் வாசிச்சா" என்றார். "என் பொண்ணு தப்பா வாசிக்க மாட்டா."

சின்னவள் எழுந்து நின்றாள். எழுந்தது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

"யாரும் சிரிக்காதீங்க. எங்க அப்பா சரியாத்தான் கேட்டாரு. நான்தான் மாத்தி வாசிச்சேன்."

சிரிப்பு அறுந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. அவள் அவர்களையெல்லாம் பார்க்கவில்லை, மேடையில் நின்றவரை மட்டும் பார்த்தாள்.

"அந்த ஆளு கூப்பிடலைப்பா. அவ வர்றதுக்குள்ள செத்துட்டாரு. அதுக்கப்புறம் நீங்க கேட்டது முழுக்க நான் கட்டினது."

"ஏன்?" என்று கேட்டது மேடம்.

"அப்பாவால அதைத் தாங்க முடியாதுன்னு நினைச்சேன்."

"யாரு சொன்னா?" என்றார் அப்பா. மைக் வழியாக அது அறை முழுவதும் கேட்டது.

"கதவைச் சாத்தின இடத்துல உங்க கை நின்னுபோச்சுப்பா. அதான், அவர் செத்த இடத்தை எனக்கு வாசிக்க வரல."

அப்பா மைக்கின் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

நூலகர் மேடம் எழுந்தார். கண்டிப்பானவர், அதே சமயம் நியாயமானவர். நிறையப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

"புத்தகத்துல இருக்கிறதை மாத்தி வாசிச்சவங்ககிட்ட அந்த அறைச் சாவியைக் கொடுக்க முடியாது. காரணம் உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"உன்னை நம்பிக் கேட்டவருக்கு நீ ஒரு பக்கம் பாக்கி வச்சிருக்கே. மேலே வா. வாசி."

புத்தகத்தைக் கையில் கொடுத்தார். சின்னவள் பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் தானாகவே திறந்துகொண்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, இம்முறை உள்ளதை உள்ளபடி வாசித்தாள்.

"'வாயிற்கதவில் பூட்டுத் தொங்கிற்று. அவள் தட்டினாள். உள்ளே ஒருவரும் இல்லையென்று கண்டும் மறுபடி தட்டினாள். அண்டை வீட்டுக்காரி வெளியே வந்து, அம்மா, அவர் படுக்கையில் விழும்வரை அந்தி சாய்ந்ததும் இந்த வாயிலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார், யார் பொருட்டு என்று ஒருவரிடமும் சொன்னாரில்லை, என்றாள்.'"

வரியை விடாமல் முடித்தாள். கண்டக்டர் அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

அப்பா புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"விளக்கு வச்சாராமா?"

"ஆமாப்பா."

"கூப்பிடலை?"

"இல்லப்பா."

"மண்டைக் கனம் பிடிச்ச மனுஷன்" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அவர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பக்கத்தை இவ எனக்கு அன்னைக்கே வாசிச்சிருந்தா, அந்த ஆளு செஞ்சதே சரின்னு இருந்திருப்பேன். அவரே கூப்பிடலை, நான் எதுக்குக் கூப்பிடணும்னு தோணியிருக்கும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இவ பொய் வாசிச்சா. அந்தப் பொய்யைக் கேட்டுட்டு, இன்னைக்குக் காலையில என் பெரிய பொண்ணுக்குப் போன் பண்ணினேன்."

அம்மா எழுந்துவிட்டாள். மடியிலிருந்த கைப்பை விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. நடையில் நின்ற ஸ்பாஞ்ச் சுருள்களின் அர்த்தம் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"எடுத்தா. 'அப்பா'ன்னா. 'வீட்டுக்கு வா'ன்னு சொன்னேன். வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்னு வச்சுட்டா. வருவாளான்னு தெரியாது. ஆனா கூப்பிட்டுட்டேன்."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என் பெரிய பொண்ணு துறைமுகத்துல கிரேன் ஓட்டுறா. அந்த உசரத்துல தனியா உக்காந்து, ஒரு லாரி பெரிசு பெட்டியைத் தூக்கி, இம்மி பிசகாம இறக்கி வைப்பா. ஆம்பளைங்களே தலை சுத்துதுன்னு இறங்கி ஓடற வேலை. மூணு வருஷமா இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. யாராவது கேட்டா, வெளியூர்ல இருக்கான்னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். இப்ப மைக்லயே சொல்றேன். அவ என் பொண்ணு. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு." பக்கத்தில் நின்றவளின் தலையில் கைவைத்தார். "இவளும்தான். வீட்டுக்குப் போய் இவளுக்கு இருக்கு, அது வேற. ஆனா இத்தனை பேருக்கு முன்னாடி எழுந்து நின்னாளே, நான் நிப்பேனான்னு எனக்குத் தெரியலை."

கைதட்டல் எந்த மூலையில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பல் டாக்டர் எழுந்து நின்று தட்டினார். சின்னவள் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தாள். சாவி போய்விட்டது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் அப்பாவைப் பார்த்து இப்போது யாரும் சிரிக்கவில்லை, அவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

மேடம் முன்வாசகர் பொறுப்பைப் பல் டாக்டரின் மகளுக்குத்தான் கொடுத்தார். கூட்டம் கலையும்போது சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த கோடைக்கு நீ வர்றியோ இல்லையோ, உங்க அப்பாவைக் கட்டாயம் அனுப்பு."

*

நூலகப் படிக்கட்டில் அப்பாவை ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவருக்குச் சோபா உள்வாங்கிவிட்டதாம், இன்னொருவர் கிரேன் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அப்பா இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவளின் போன் அடித்தது. அக்கா. இத்தனை நாளும் அம்மாவிடம் மட்டும் பேசியவள் இன்று இவளுக்கே அடித்திருந்தாள்.

ஓரமாக ஒதுங்கி எடுத்தாள். மறுமுனையில் பின்னணியில் ஏதோ இயந்திரம் கடகடத்தது.

"ஏய், அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லக்கா. நல்லா இருக்காரு."

"பொய் சொல்லாதே. காலையில திடீர்னு கூப்பிட்டு 'வீட்டுக்கு வா'ங்கிறாரு. எனக்குக் கை கால் ஓடலை. மேலே ஏறாம கீழேயே உக்காந்திருக்கேன். என்ன ஆச்சு, உண்மையைச் சொல்லு."

சொன்னாள். விளக்கு வியாபாரி, படகு, பூட்டு, மேடை எல்லாவற்றையும். பெரியவள் குறுக்கே பேசவில்லை.

"அப்போ நீ கட்டின கதையைக் கேட்டுத்தான் கூப்பிட்டாரா?"

"காலையில, ஆமா. இப்ப நிஜக் கதையையும் கேட்டுட்டாரு. கேட்ட பிறகுதான் மைக்ல உன்னைப் பத்திச் சொன்னாரு. என் பொண்ணு கிரேன் ஓட்டுறா, பெருமையா இருக்குன்னாரு."

"யாரு, அப்பாவா?"

"இங்க படிக்கட்டுல நின்னு இப்பவும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காரு."

பெரியவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சின்னு, நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன். அப்பாகிட்ட சொல்லாதே. நேர்ல வந்து அவர்கிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கும் தெரியாது. அதைக் கேட்ட பிறகும் இப்படிப் பெருமைப்படுவாரான்னு எனக்குத் தெரியலை. அதுவரைக்கும் நான் வர்றதே அவருக்குத் தெரிய வேண்டாம்."

"என்னக்கா அது?"

"யாரும்மா போன்ல?"

அப்பா. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பின்னாலேயே அம்மாவும்.

'என் ஃபிரெண்டுப்பா' என்ற பதில் சின்னவளின் நாக்கில் தயாராக இருந்தது. நல்ல பதில், யாரையும் நோகடிக்காத பதில். கோடை முழுவதும் அப்படிப்பட்ட பதில்களைத்தான் அவள் தயாரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்காப்பா. நாளைக்கு வர்றாளாம். உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம், பயமா இருக்காம். வர்றதை உங்ககிட்ட சொல்லாதேன்னா."

"அடிப்பாவி!" என்று போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. அது படிக்கட்டு வரை கேட்டது.

சின்னவள் போனை நீட்டினாள். அப்பா உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படிக்கட்டில் நின்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரிசு, நாளைக்கு வரைக்கும் எதுக்கும்மா? இப்பவே சொல்லு" என்றார். "என்னவா இருந்தாலும் சரி. குறுக்கே பேச மாட்டேன். கேட்கிறேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கப்பல் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. அப்புறம் பெரியவள் பேச ஆரம்பித்தாள்.